கேள்வி கேட்காமல் வந்தவர்

செல்வியின் குதிகால்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு வயது தாண்டியும், பிடித்து நிற்க வைத்தால் முன்பாதம் மட்டும் தரையில் படும், குதிகால் எழும்பியே நிற்கும். ஓடுவதற்கு அவசரப்படுகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட நானே நம்பக்கூடாத இடத்தில் போய் நம்பினேன். இதே மாதிரி பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் அரசு மருத்துவர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு மூளை முடக்குவாதம் என்றார் (பிறக்கும் முன்போ பிறக்கும்போதோ மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் இறுகிக்கொள்வது). அவள் புத்திக்கு ஒரு குறையும் இல்லை, கைவிரல்கள் கொஞ்சம் திணறும், பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான் என்றார். தினமும் கால்களை நீவிப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். பள்ளிக்கூட வயதுக்குள் குதிகால் இறங்காவிட்டால் குதிகால் நாணை (கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் கெட்டியான நார்) அறுவை செய்து நீளமாக்க வேண்டும், தள்ளிப்போட்டால் எலும்பே கோணிவிடும், பிறகு நடப்பது கஷ்டம் என்றார்.

எங்களுக்கு ஊர் சிவகாசிப் பக்கம் நாரணாபுரம். வீட்டுக்காரர் குருசாமிக்குப் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. எனக்குச் சிவகாசியில் ஒரு அச்சகத்தின் பைண்டிங் பகுதியில், காலண்டர் அட்டையின் தலையில் தகரப் பட்டை போடும் வேலை. காலண்டர் சீசனில் செல்வியையும் கூட்டிக்கொண்டு போய் அட்டைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்துக்கொள்வேன்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. தோளில் பையும் கையில் பேனாவுமாக யாராவது தெருவுக்குள் நுழைந்தால், வாசலில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விடும். குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுக்க வருகிறார்கள் என்ற பயம். எந்த வீட்டில் கேட்டாலும் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறது, இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை.

விஜயா டீச்சர் அப்படித்தான் ஒரு பையோடு வந்தார். உண்மையில் அவர் டீச்சர் இல்லை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். ஊனமுள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் குடும்பம் எப்படி நடக்கிறது என்று கேட்டு எழுதுவதாகச் சொன்னார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, எங்கள் வீட்டில் பிள்ளையே இல்லை என்றேன். குழாய் சுற்றவே வராத கையுள்ள என் பிள்ளையை எதற்கு ஒளித்தேன் என்று கேட்காதீர்கள். வாய் பழகிவிட்டது.

எங்கள் வீட்டில் பிள்ளை உண்டு என்று யாரோ சொல்லி அவர் மறுபடியும் வந்தார். என்னென்ன கேள்விகள். பிள்ளையை யார் தூக்குகிறார்கள், அவளால் வீட்டில் சண்டை வருமா, விசேஷங்களுக்கு அவளைக் கூட்டிப் போவோமா. எனக்கு எரிச்சலாக வந்தது. என் வீட்டுச் சண்டை இவருக்கு எதற்கு? உதவி செய்கிறோம் என்று யாராவது வந்தார்களா என்றும் கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். அது பச்சைப் பொய்.

அதற்கு முந்தின மாதம்தான் ஒருவர் காரில் வந்து போயிருந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு, கையில் பிள்ளைக்குச் சத்துமாவு டப்பா. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான டிரஸ்ட் என்றார். சென்னையில் நல்ல ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதாகவும், தேதி வரும்வரை வேறு எங்கும் காட்ட வேண்டாம் என்றும் சொன்னார். வெளியே சொன்னால் போட்டிக்கு ஆள் வந்துவிடும் என்றார். எங்களை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மரியாதையான மனுஷன் என்று எனக்குப் பட்டது. குருசாமி அவர் காட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். நான் செல்வியைப் பிடித்து நிற்க வைத்தேன், அவர் போட்டோ எடுத்தார்.

தேதி வரவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். எப்படியும் அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்று நீவிவிடுவதிலும் நான் அசட்டையாக இருந்துவிட்டேன். செல்வியின் கால் முன்பைவிட இறுகிப்போனது.

சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒரு புது ஆர்டர் என் மேஜைக்கு வந்தது. நன்கொடை கேட்கும் காலண்டர். அட்டை முழுக்க ஒரு பிள்ளையின் படம். நாலைந்து அட்டைக்குத் தகரம் போட்ட பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தேன். செல்வி. பெயரை மாற்றிப் போட்டிருந்தார்கள். கீழே, ‘தாயும் தந்தையும் இல்லாத இந்தக் குழந்தைக்கு உங்களை விட்டால் யார்?’ என்று இருந்தது.

என் புத்தி முதலில் விஜயா டீச்சர் மேல்தான் பாய்ந்தது. அவரை மனதுக்குள் என்னென்னவோ திட்டினேன். பிறகுதான் படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். செல்வியின் கைக்கு அடியில் என் விரல்கள் இருந்தன. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எடுத்த போட்டோதான், மணிக்கட்டோடு என்னை வெட்டியிருந்தார்கள். பிள்ளை இல்லை என்று நான் வாசலில் நின்று சொன்னேன். தாய் இல்லை என்று அவர்கள் அச்சடித்துவிட்டார்கள். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். ஒரு அட்டையைச் சேலைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

குருசாமி அதை வெகுநேரம் பார்த்தார். எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது. இவர் தனியாக ஏதும் வாங்கியிருப்பாரோ?

“அந்தத் தாள்ல என்னங்க எழுதியிருந்துச்சு?”

“இங்கிலீசுல இருந்துச்சு. வாசிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

 அவர் முகத்தை நான் பல மாதங்கள் படித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் முக்கால்வாசிதான் நம்புகிறேன். நோய் பிள்ளையின் காலோடு நிற்பதில்லை, கணவன் மனைவிக்கு நடுவிலும் வந்து படுத்துக்கொள்கிறது.

விஜயா டீச்சருக்கு நானே போன் செய்தேன். அவர் வந்து அட்டையைப் பார்த்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் வேறு சில வீடுகளிலும் இதே ஆள் இதே டப்பாவோடு போயிருக்கிறார் என்றார்.

“அன்னைக்கே கேட்டேனேம்மா, யாராவது வந்தாங்களான்னு.”

“கேட்டீக. கேட்டதுனாலதான் ஒங்கள நம்பல.”

அவர் கோபப்படவில்லை, அதைக்கூட எழுதிக்கொண்டார். போலீஸ் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் கூட வந்தார். டிரஸ்ட் சொன்ன விலாசத்தில் பூட்டின கடை ஒன்றுதான் இருந்தது. வழக்கு இன்னும் கிடக்கிறது. அச்சக முதலாளி அந்த ஆர்டரை நிறுத்திவிட்டார். அவருக்கு முன்பே தெரியுமோ என்று எனக்கு ஒரு எண்ணம் இப்போதும் உண்டு.

மதுரை மருத்துவர் எங்களைக் கடுமையாகத் திட்டினார். எலும்பு இன்னும் கோணவில்லை, இதற்கு மேல் தாமதித்தால் நான் பொறுப்பில்லை என்றார். அறுவைக்குச் சம்மதத் தாளை நீட்டியபோது குருசாமி பேனாவை வாங்காமல், “வாசிச்சுக் காட்டுங்கய்யா,” என்றார். செவிலியர் தமிழில் வரிவரியாக வாசித்தார். அதன் பிறகே குருசாமி கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது.

மாவுக்கட்டோடு செல்வி கிடந்த நாட்களில் எனக்கு நேரம் என்பதே மாறிப்போனது. காலண்டர் வேலையில் நாங்கள் எப்போதும் அடுத்த வருடத்தில்தான் இருப்போம். இப்போதோ ஒரு பொழுது போனால் போதும் என்று இருந்தது. வீட்டில் எதையோ எடுக்க எழுந்தாலும் என் இடுப்பு தானாக ஒரு பக்கம் சாயும், தூக்கப் பிள்ளை இருக்காது.

கட்டைப் பிரித்த பிறகு இயன்முறைப் பயிற்சியாளர் (தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் பயிற்சி கொடுப்பவர்) அவளை இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினார். குதிகால் தரையில் பட்டுவிட்டது, பாருங்கள் என்றார். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் தெரிவதை எல்லாம் நம்பும் காலம் எனக்குப் போய்விட்டது. மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் குதிகாலுக்கு அடியில் என் விரலை நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. காலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, விரலை வைத்துவிட்டு இறக்கச் சொன்னேன். அத்தனை வருடம் என் இடுப்பில் இருந்த கனம் முழுவதும் என் விரல் மேல் இறங்கியது.

“அம்மா, கைய எடு,” என்றாள் செல்வி. “நசுங்கிரும்.”

“இரு. இன்னும் நல்லா அமுக்கு,” என்றேன்.