ஜெயரட்ணத்தின் மகள் பிறந்த வருடம்

ஜெயரட்ணத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லலாம். ரயில்வேயில் ஓய்வுபெறும்வரை ஒழுங்காக வேலை செய்தார். குடிக்கமாட்டார். சிட்னி பிளாக்டவுனில் உள்ள வீட்டு வாசல் புல்லை இன்றும் தானே வெட்டுகிறார். ஆனாலும் இப்போது அந்த முகத்தைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது.

1984இல் சுற்றுலா விசாவில் சிட்னிக்கு வந்தவர் அவர். விசா முடிந்தது, போகவில்லை. லிட்கமில் ஒரு பின்னறையில் மனைவியோடு ஒளிந்திருந்தார். யாராவது கதவைத் தட்டினால் இருவரும் மூச்சு விடமாட்டார்கள். 86 தொடக்கத்தில் நிஷானி பிறந்தாள். அந்த நாளில் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை ஆஸ்திரேலியப் பிரஜை. தாய் தகப்பனுக்கு விசா உண்டா என்று யாரும் கேட்பதில்லை. அதே வருடம் ஆகஸ்டில்தான் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். ஜெயரட்ணம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போய், "இது உங்கள் நாட்டுப் பிள்ளை. இதையும் அனுப்பப் போகிறீர்களா?" என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். கடைசியில் மூவரும் இங்கேயே தங்கினார்கள். அன்று பக்கத்தில் பால் போத்தலோடு நின்றவள் நான். ஞானஸ்நானத்தில் நிஷானிக்கு ஞானத்தாயாக நின்றவளும் நான்தான்.

எங்கள் கோவிலுக்கு வரும் அன்னமலரும் அவள் கணவன் பொனிபஸும் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தவர்கள். கையில் தற்காலிக விசா. வேலை செய்ய அனுமதி இல்லை. 2013இல் அவர்களுக்கு ஜனுஷன் பிறந்தான். சிட்னி ஆஸ்பத்திரியில் பிறந்தும் அவன் இந்த நாட்டுப் பிள்ளை இல்லை. பெற்றோரைத் திருப்பி அனுப்பினால் அவனும் போகவேண்டியதுதான்.

ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கும்படி அன்னமலர் ஜெயரட்ணத்தைக் கேட்டாள். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புதுச் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். கோவில் வாசலில்தான் அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"அங்கிள், என்ர அப்பா கடலில செத்தாப் பிறகு என்னை வளர்த்தது என்ர ஞானத்தகப்பன்தான். ஊரில ஆரும் ஒரு கேள்வி கேக்கேல்லை. எங்களை அனுப்பினாலும் இவனை உங்களிட்ட இருந்து பறிக்கேலாதுதானே? நீங்கள் சிற்றிசன் எல்லோ."

ஞானத்தகப்பன் கோவிலில் பிடிக்கும் மெழுகுதிரி இந்த நாட்டு அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும் என்று இந்தப் பெண் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஜெயரட்ணத்தின் முகம் கறுத்தது. "என்னை உதுக்கை மாட்டாதேங்கோ பிள்ளை. வேற ஆரையும் பாருங்கோ" என்றார். அதோடு விட்டாரா? அங்கே நின்றவர்கள் பக்கம் திரும்பிப் பிரசங்கம் தொடங்கினார். "இஞ்சை பிறந்தாப் பிரஜாவுரிமை எண்டு குடுத்துப் பாருங்கோ. நாளைக்கு எல்லாரும் வயித்தைத் தள்ளிக்கொண்டு படகில ஏறுவினம். ஒரு நாட்டுக்கு ஒழுங்கு எண்டு ஒண்டு வேண்டாமோ?"

அன்னமலர் குழந்தையின் காதைக் கையால் மூடினாள். மூன்று மாதக் குழந்தைக்கு என்ன விளங்கும்? ஆனாலும் மூடினாள். அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு அடங்கவில்லை.

"ஜெயரட்ணம், நிஷானி பிறக்கேக்க உம்மட விசா எங்க இருந்தது? அவளைக் காட்டித்தானே நீர் இஞ்சை இருக்கிறீர்?"

நிஷானி எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். இருபத்தேழு வயதாகியும் வீட்டில் யாரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. "இஸ் தட் ட்ரூ, அப்பா?" என்று கேட்டாள். தகப்பன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. அன்னமலரின் கையிலிருந்து ஜனுஷனை வாங்கி, நேரே உள்ளே போய்ப் பாதர் முன்னால் நின்றாள். "நான் ஞானத்தாய்" என்றாள்.

பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. அன்னமலர் விடிய எழும்பிப் பொரித்த கட்லட். ஞானத்தகப்பனாக நிற்கமாட்டேன் என்ற மனிதர் வெட்கமில்லாமல் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்னமலர் நிஷானியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிப் பயமில்லை அக்கா. நீங்கள் இருக்கிறியள்" என்றாள். நிஷானி என்னைப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

ஜெயரட்ணத்துக்குத் தெரிந்தது. "ஞானத்தாய்க்குச் சட்டத்தில ஒரு உரிமையும் இல்லைப் பிள்ளை. உங்களை அனுப்பினா அவனும் போகத்தான் வேணும்" என்றார், வாய் நிறையக் கட்லட்டோடு. சொன்னது முழு உண்மை. அவர் வாயிலிருந்து வந்ததால் அந்த உண்மையே எனக்கு அருவருத்தது.

அன்னமலர் அழவில்லை. கோபப்படவும் இல்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

"அப்ப அங்கிள், உங்கட மகளும் இஞ்சைதானே பிறந்தவ. இவனும் இஞ்சைதானே பிறந்தவன்?"

"அது அப்பத்தைச் சட்டம்" என்றார் ஜெயரட்ணம். பிறகு இன்னொரு கட்லட் எடுத்துக்கொண்டார்.