ரப்பர் அடுக்கும் செல்லையா

ருவான்வெல்லை பஸ்ஸில் ஏறியதும் செல்லையா உட்காரமாட்டார். முதலில் ஆட்களை இடம் மாற்றுவார். "அக்கா, கூடையத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க. சார், நீங்க முன்னுக்கு வாங்க. பின்னால கனம் கூடிப்போச்சு." கனம் என்றது என்னைத்தான். சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து போனேன். யார் இந்த மனிதர், ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஏன் மூட்டை மாதிரி நகர்த்துகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் லோடு ஏற்றுகிறவர். கட்டுக் கட்டாக வரும் ரப்பர் பேல்களை நீளமான ட்ரெய்லரில் அடுக்குவது அவர் வேலை. அடுக்குவதில் அப்படி என்ன இருக்கிறது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். போச்சு! ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டார்.

"முன்னுக்குக் கூடுனா, இழுக்கிற வண்டியோட முதுகு ஒடிஞ்சிரும் சார். பின்னுக்குக் கூடுனா வாலு தொங்கும், தலை தூக்கும், ஸ்டேரிங்கு லேசாயிடும். லேசா இருந்தா சொகந்தானேன்னு நெனைப்பீங்க. வளைவுல நீங்க திருப்புவீங்க, வண்டி பாட்டுக்கு நேராப் போயிரும்."

தராசு கிடையாது. டயருக்கும் மேலே இருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையை நுழைத்து, ஒரு சாணும் நாலு விரலும் இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு விரல் குறைந்தால் அந்தப் பக்கம் பத்துப் பேல் இறங்கும். தோட்டத்தை நடத்துகிற துரையே நின்று கத்தினாலும் இறங்கும். வீட்டிலும் இதே கூத்துதானாம். "சந்தைக்குப் போயிட்டு வந்தா ரெண்டு பையையும் வாங்கித் தூக்கிப் பாக்கும் இந்த மனுசன். சரியா இல்லன்னா வாசல்லயே மாத்தி அடுக்கும். மழை பேஞ்சாலும் விடாது" என்று அவர் மனைவி இருளாயி சொல்லிச் சிரித்தார்.

சரி, அடுக்கியாயிற்று. பிறகு எதற்கு ஒவ்வொரு தடவையும் லொறியிலேயே கொழும்புவரை போகிறார்? 2007 ஆடியில் ஒரு மழை நாளில் நானும் கூடப் போனேன். யுத்த காலம், வழியில் சோதனைச்சாவடி. சிப்பாய்கள் பேல்களை இறக்கித் தேடிவிட்டு, கைக்கு எட்டின இடத்தில், அதாவது வாலில், திரும்பப் போட்டுவிடுவார்கள். அதைச் சரிசெய்யத்தான் இவர் போகிறார். "மல்லி, இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று, தம்பி முன்னுக்கு வை என்று, சிங்களத்தில் கொஞ்சிக் கெஞ்சிச் சிப்பாய்களையே வேலை வாங்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அன்று அங்கே சார்ஜன்ட் புது ஆள். வேலையைப் பாதியில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். செல்லையாவிடம் இருந்தது தோட்டத்துக் கடிதம் மட்டும். மூன்று தடவை எழுதிப் போட்டும் அட்டை வரவில்லை என்றார். சார்ஜன்ட் கேட்கவில்லை. லொறி உடனே கிளம்ப வேண்டும், இந்த ஆள் மட்டும் விசாரணைக்கு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படி நிறுத்தி வைத்தவர்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

செல்லையா கைகூப்பினார். "மாத்தயா, மட்ட மினித்து தஹயக் தென்ன." தன்னை விட்டுவிடச் சொல்லவில்லை. பத்து நிமிடம்தான் கேட்டார். சார்ஜன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சாரதி தாஸிமுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஒங்களுக்காகக் கேளுங்கண்ணே! நான் மெதுவா ஓட்டிட்டுப் போயிருவேன்."

"மழையில மெதுவாப் போனாலும் வாலு இழுக்கும்டா. ஒனக்கு மூனு புள்ளைங்க. புடி பேல!"

நானும் பிடித்தேன். கடைசிப் பேலை முன்னுக்குத் தள்ளும்போது பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. டயர் பக்கம் போய் அளந்து பார்க்க அவரை விடவில்லை. ஒரு சிப்பாய் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனான். தாஸிம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். எழுந்திரு என்று சிப்பாய் அதட்டிக்கொண்டிருந்தான். செல்லையா எழுந்திருக்கவில்லை. சேற்றில் முழங்கால் போட்டு, கன்னம் ரோட்டில் படுகிற அளவுக்குக் குனிந்து, எங்கள் பின் டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.