உமிச்சாம்பல் யாருடையது?

குத்தாலத்தில் இறங்கி என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சொன்ன இடத்தில் போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்தவன் நான். களர் என்று ஒதுக்கிய திடலைத் திருத்தி நெல் விளைய வைத்தேன். கடைவீதியில் உரக்கடை, மாடி வீடு, சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் மகள் எல்லாம் நாலாம் வகுப்போடு நின்றவன் சம்பாதித்தவை. இவற்றில் எதையும் ஒருவனும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று நினைத்திருந்தேன். போன வாரம் ஒன்றைத் தூக்கிவிட்டார்கள். அதுவும் என் கண்ணெதிரில், மைக் வைத்து.

கல்யாண மண்டபத்தில் ஒரு மருந்து கம்பெனிக்காரர்கள் விவசாயிகளைக் கூட்டியிருந்தார்கள். சட்டையை இன் பண்ணிய கம்பெனிப் பையன் ஒருவன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான்.

"இது சிலிக்கா சத்துங்க. நெல் உமியிலேர்ந்துதான் எடுக்கிறோம். இலை வெறப்பா நிக்கும், வெயில் தாங்கும்."

மூடியைத் திறந்து ஆளாளுக்குக் கொடுத்தான். பக்கத்தில் இருந்தவர் ஒரு வாசனையும் இல்லை என்றார். எனக்கு நனைந்த சாம்பல் வாடை அடித்தது. என் மூக்குக்கும் சந்தேகப் புத்திதான், என்ன செய்வது.

அந்த வாடை எனக்கு இன்று நேற்றுப் பழக்கமா? கல்யாணம் ஆவதற்கு முன்னால் புழுங்கலரிசி மில்லில் பாய்லர் சாம்பல் வாரினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பல்லும் கண்ணும்தான் தெரியும். மில்லுக்குப் பின்னால் உமிச்சாம்பல் மேடாகக் கிடக்கும். சிந்தின நெல் அதன் ஓரத்தில் முளைத்திருக்கும். சித்திரை வெயிலில் வயலில் இருக்கிற பயிரெல்லாம் துவண்டு கிடக்க, இது மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் இலையை உருவிப் பார்த்தேன். அப்படி ஒரு சுணை, விரலை அறுத்துவிட்டது. விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தேன், இது எதைத் தின்கிறது என்று.

எங்கள் பக்கத்தில் ஒரு கௌரவம் உண்டு. ரோட்டோர வயல் பச்சைப்பசேலென்று இருக்க வேண்டும், பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும். வெயிலில் இலை நுனி காய்ந்தால் அதைப் பசி என்று நினைத்து யூரியாவை வீசுவார்கள். உரக்கடைக்காரன் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அது வெறும் பச்சை. பயிர் கொழுக்கும், வெயிலுக்கு முன்னால் நிற்காது.

தார் ரோடு உருகிச் செருப்பில் ஒட்டிய ஒரு கோடையில் அதுதான் நடந்தது. எனக்கு அடுத்த வயல் என் சகலையுடையது. அதாவது என் மனைவியின் அக்காள் புருஷன். இருவருக்கும் நடுவே ஒரே வரப்பு. அவர் இன்னொரு தடவை யூரியா போட்டார். நான் வண்டி வண்டியாக உமிச்சாம்பல் அடித்து உழுதிருந்தேன். யூரியாவைக் குறைத்துப் பொட்டாஷ் போட்டேன், பூக்கும்போது சாயங்காலத் தண்ணீர் கட்டினேன். பயிர் வெளுத்துத்தான் நின்றது, அதை மறைக்கவில்லை. சகலை வரப்பில் நின்று கேட்டார்.

"என்ன சகலை, பயிருக்கு மஞ்சக்காமாலையா? கீழாநெல்லி அரைச்சு ஊத்துங்க!"

"உங்க பயிரு ஜோராத்தான் இருக்கு சகலை. மாடு பாத்தா விடாது."

விட்டாரா மனுஷன்? ஒரு காதுகுத்துப் பந்தியில், "சகலை பயிருக்குச் சாம்பலைப் பூசி சாமியாராக்கிட்டாரு" என்று என் மாமனார் வீட்டையே சிரிக்க வைத்தார்.

நெல் பூப்பது வெயில் ஏறுகிற நேரத்தில். அந்தப் பூ வெந்துவிட்டால் பால் பிடிக்காது, பதர்தான். அறுப்புக்கு முன்னால் பார்த்தால் அவர் கதிர்கள் நிமிர்ந்து நின்றன, என் கதிர்கள் தலை சாய்ந்தன. தூற்றும்போது அவருடையது பாதி காற்றோடு போனது. அவர் என் களத்துக்கு வந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

அடுத்த கோடையில் அவர் வரப்பெல்லாம் கறுப்பாகச் சிந்தியிருந்தது.

"என்ன சகலை இது?"

"அடுப்புச் சாம்பல் சகலை."

வண்டிச் சக்கரம் பதிகிற அளவுக்குச் சாம்பல் தள்ளுகிற அடுப்பில் அக்காள் என்னதான் சமைத்தார்களோ!

மண்டபத்துக்கு வருகிறேன். திரையில் ஒரு படம் வந்தது. தலைப்பாகையும் மீசையுமாக என் சகலை! முன்னோடி விவசாயியாம். சால்வை போட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "அந்தக் காலத்துலயே உமிச்சாம்பல் போட்டு வெயில ஜெயிச்சவன் நான்" என்றார். கைதட்டல்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. எனக்கு ஏன் கடைசி வரிசை, ஃபேன் ஓடாத இடம்? அந்த இன் பண்ணிய பையன் போன மாதம் என் கடையில் காபி குடித்துக்கொண்டு சாம்பலைப் பற்றி ஏன் அத்தனை கேள்வி கேட்டான்? என் மனைவியோ, "அவரும் போட்டாருல்ல, அப்புறம் என்னங்க?" என்கிறாள். அவளும் அக்காள் பக்கம்தான், சந்தேகமே இல்லை.

பந்தியில் அவர் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"யாரு போட்டா என்ன சகலை? ஊருக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான். நான் போட்டேன்னு சொல்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"பாயசம் ஆறுது, குடிங்க."

அந்த மண்டபம் இருக்கிற இடத்தில்தான் அந்த மில் இருந்தது. சாம்பல் மேடு கிடந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் வாரிக்கொண்டு போன சாம்பல் இப்போது பாட்டிலில் வருகிறது. மில் முதலாளி இல்லை, என் வண்டிக்காரர் இல்லை, காதுகுத்தில் சிரித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வெளுத்து நின்ற என் பயிரைக் கண்ணால் பார்த்தவர் இன்று ஒரே ஒருவர்தான் மிச்சம். அவர்தான் சால்வையோடு திரிகிறார்.

ஆகவே சகலை, சால்வை உங்களிடமே இருக்கட்டும், படமும் இருக்கட்டும். நாம் இரண்டு பேரும் நடமாட்டத்தோடு இருக்கும்போதே அதே மண்டபத்தில் மைக்கைப் பிடியுங்கள். மஞ்சக்காமாலை என்று நீங்கள் சிரித்த பயிர் என்னுடையது, அதில் போட்ட சாம்பலும் என்னுடையது. அதை உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.