மெசினுக்கு மாலை போட்ட கதை

“...ஓட விட்டால் மெசின் போகும், நிப்பாட்டினால் உன்ரை மானம் போகும். ரெண்டிலை எது பெறுமதி எண்டு நீயே சொல்லு பாப்பம், தம்பி.”

அக்கா இதைக் கேட்டபோது நான் காருக்குள் இருந்தேன். இருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. செருகப்பட்டிருந்தேன் என்பதுதான் சரி. ஆளுயரம்கூட நீளமில்லாத அந்தக் குட்டிக் காருக்குள் ஐம்பத்திரண்டு வயது வயிறு ஒன்றை இறக்குவதற்கு என் மச்சான் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தவேண்டியிருந்தது. இறுதி ஓட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடம். மண்டபம் நிறையச் சனம். அதில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் பிரச்சினையே.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. உரும்பிராயில் எங்கள் வீட்டுக்குப் பின்காணிக்காரி. தனியாளாக நின்று வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிறவர். அவர் வாயிலிருந்து வருகிற கதைகளைக் கேட்பதற்காகவே நான் வேலியில் இல்லாத பொத்தலை அடைக்கப் போவதுண்டு. ஒருமுறை என் வெல்டிங் கடையைப் பார்த்துவிட்டு, “உன்ரை கடையிலை இரும்பை விட வாய்தான் கூடச் சூடாகுது” என்றார். அதை இன்றுவரை பெருமையாகத்தான் சொல்லித் திரிகிறேன்.

இந்தக் கார் ஓட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் வெளிநாட்டில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர். அங்கே பனிக்காலத்தில் பெரிய மண்டபங்களுக்குள் குட்டிக் கார்களை ஓட விடுவார்களாம். வட்டுக்கோட்டைப் பக்கம் சும்மா கிடந்த ஒரு களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, பழைய டயர்களை அடுக்கி வளைவுகள் செய்து, சனி ஞாயிறு இரண்டு நாள் போட்டி என்று அறிவித்துவிட்டார்.

“அங்கை பனி எண்டு உள்ளுக்கை ஓடுறாங்கள். இஞ்சை ஏன் உள்ளுக்கை?” என்று அக்கா கேட்டார்.

“இஞ்சை வெளியிலை பொலிஸ் நிக்குது, அக்கா” என்றான் மச்சான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கணித ஆசிரியர். எதையும் “கணக்குப்படி” என்றுதான் தொடங்குவான். காரின் எடை, சில்லின் விட்டம், வளைவின் ஆரம் எல்லாவற்றையும் கொப்பியில் போட்டுப் பார்த்து, கணக்குப்படி நாங்கள்தான் முதலாவது என்று சொன்னான். ஓட்டுகிறவரின் எடையை எங்கே சேர்த்திருக்கிறாய் என்று கேட்டேன். “அதைச் சேர்க்கேல்லை, அத்தான். ஒரு மரியாதைக்காக விட்டனான்.”

காரை வெல்டிங் செய்து ஒட்டியவன் நான். ஆகவே ஓட்டுகிறவனும் நானே என்று முடிவெடுத்தவனும் நானே. இருக்கைக்கு அளவெடுத்தபோது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தேன். இரண்டு நாளும் அப்படியே இழுத்துப் பிடிக்க முடியுமா என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

விதிப்படி தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினைத்தான் காரில் பூட்டலாம், அதைவிடப் பெரியது கூடாது. எங்களிடம் மெசின் இல்லை. அக்காவிடம் இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு போய் நின்றேன்.

“மெசினைத் தாறன். ஆனால் மெசின் போற இடமெல்லாம் நானும் வருவன். அது என்னை விட்டிட்டு ஒரு இடமும் போனதில்லை” என்றார். பிறகு குரலை மாற்றிச் சொன்னார். “பகிடி இல்லை, தம்பி. வியாழக்கிழமைதான் வெங்காயம் நட்டனான். பங்குக் கிணறு. திங்கள் விடிய என்ரை முறை. அதை விட்டால் பிறகு நாலு நாளைக்கு நான் கிணத்தடியை எட்டியும் பாக்கேலாது. நாலு நாள் தண்ணியில்லாமல் இந்த வெயிலிலை கிடந்தால் அவ்வளவும் கருகிப்போகும். மெசின் எப்பிடிப் போகுதோ அப்பிடியே திரும்பி வரவேணும்.”

இரவல் வாங்கவும் வழியில்லாத வாரம் அது. ஊரில் எல்லோரும் நட்டிருந்தார்கள். மிஞ்சிய மெசின்களும் எங்களைப் போன்ற விசரர்களின் கார்களில் ஏறியிருந்தன. நான் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் தலையில்தான்.

சனிக்கிழமை காலை முதல் ஓட்டம். புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்துத் தேங்காய் உடைக்காமல் யாராவது எடுப்பார்களா? நான் எடுக்கவில்லை. தொடக்கக் கோட்டிலே, எங்கள் காரின் மூக்குக்கு நேரே, இருந்த பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். நல்ல முற்றின தேங்காய். ஒரே அடியில் இரண்டாகி, தண்ணீர் முழுவதும் வழுவழுவென்று மினுங்கிய சீமெந்துத் தரையில் பரவியது. சனம் கை தட்டியது. நான் கும்பிட்டுவிட்டுக் காருக்குள் இறங்கினேன்.

அக்கா கயிற்றைச் சுற்றி ஒரே இழுவையில் மெசினைத் தொடக்கினார். கொடி அசைந்தது. வட்டுக்கோட்டைக்காரரின் நீலக் கார் முதலாக மற்ற மூன்று கார்களும் போய்விட்டன. எங்கள் காரின் பின்சில்லுகள் தேங்காய்த் தண்ணீரில் நின்ற இடத்திலேயே சுழன்று, பிறகு திடீரென்று கார் அரைவட்டமடித்து, நான் சனத்தைப் பார்த்தபடி நின்றேன். கலியாண மேடையில் மாப்பிள்ளை இருப்பதுபோல.

“அண்ணை, வீட்டுக்கோ?” என்று யாரோ கத்தினார்கள்.

கடைசியாக வந்தோம். “கணக்கிலை தேங்காய்த் தண்ணி இல்லை, அத்தான்” என்று மச்சான் தலையைச் சொறிந்தான். அக்கா கோட்டடிக்குப் போய்த் தேங்காய்ப் பாதிகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். “இண்டைக்கு வந்ததுக்குச் சம்பலாவது மிச்சம்.”

ஞாயிறு காலை இன்னொரு தகுதி ஓட்டம் இருந்தது. அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாலையில் இறுதி ஓட்டம். இனித் தேங்காயைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனால் வெறுமனே எப்படி ஓடுவது? இணுவில் கோயிலடியில் என் கையளவு தடிப்பில் ஒரு செவ்வந்தி மாலை வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா தேத்தண்ணி குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அதை மெசினுக்குப் போட்டேன். நழுவி விழாமலிருக்க, முன்மூடியில் இருந்த வலைக்குக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

அந்த வலை மெசினின் மூக்கு. உள்ளே சுழலும் காற்றாடி அதன் ஊடாகத்தான் காற்றை இழுத்து மெசினைக் குளிரவைக்கிறது. இது தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் பத்தொன்பது வருடமாக இந்த மெசின்களைக் கழற்றிப் பூட்டுகிறவன். வலையில் வைக்கோல் அடைத்துக் கொண்டுவருகிற கமக்காரருக்கு, “மூக்கைப் பொத்தினால் நீங்கள் இருப்பியளோ?” என்று வகுப்பெடுக்கிறவன்.

அக்கா திரும்பி வருவதற்குள் மச்சான் மெசினைத் தொடக்கிவிட்டான். அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தோம். முன்னால் போன இரண்டு கார் வளைவில் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு நின்றதுதான் காரணம். ஆனால் காரைவிட்டு வெளியே இழுத்தெடுக்கப்பட்டபோது நான் அதைச் சொல்லவில்லை. “வளைவிலைதான் ஆளைப் பிடிச்சனான்” என்று சொன்னேன். பிறகு மண்டபத்து வாசலில் நின்று, தொலைபேசியில் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்பெடுத்தேன். “பைனலுக்கு வந்திட்டம். கட்டாயம் வாங்கோ.” கடை வாடிக்கையாளர்கள், மனைவியின் சொந்தக்காரர், ஒரு முறையும் என்னை மதிக்காத என் சகலன், எல்லோருக்கும். சகலன் வாடகை வான் ஒன்று பிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார்.

மாலையில் காரைக் கோட்டடிக்கு உருட்டி, என்னை உள்ளே இறக்கி, அக்கா மெசினைத் தொடக்கினார். தொடக்கிய கையோடு மூக்கைச் சுளித்தார்.

“ஆரடா மெசினுக்குள்ளை பூ அவிக்கிறது?”

காலையில் போட்ட மாலையில் நார்தான் மிச்சமிருந்தது. அக்கா மெசினை நிறுத்திவிட்டு, குனிந்து வலைக்குள் பார்த்தார். இதழ்களையெல்லாம் காற்றாடி உள்ளே இழுத்திருந்தது. மச்சான் எங்கிருந்தோ ஓர் ஈர்க்கு கொண்டுவந்து குத்தி இழுத்தான். கறுத்துப் பொரிந்த செவ்வந்தி கொத்துக்கொத்தாக வந்தது. கொஞ்சம்தான். மிச்சம் எடுக்க மூடியைக் கழற்றவேண்டும். அதற்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

அக்கா மறுபடி தொடக்கி, காதைச் சரித்துக் கேட்டார். இடையிடையே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“உது என்ரை மெசின்ரை சத்தமில்லை. உது ஆசுப்பத்திரியிலை கேக்கிற சத்தம்.”

“கணக்குப்படி இருபது சுற்றும் தாங்கும், அக்கா” என்றான் மச்சான்.

“மாஸ்டர், நேற்றும் உங்கடை கணக்கிலைதான் நாங்கள் முதலாவது.”

மெசினை நிறுத்தினார். மாலை போட்டது யார் என்று கேட்கவில்லை. என் முகத்தில் எழுதியிருந்திருக்கும். சூடான மெசினுக்கு மேலே கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சனத்தைப் பார்த்தார். சகலன் முன்வரிசையில் தொலைபேசியை உயர்த்திப் படமெடுக்க ஆயத்தமாக நின்றார். பிறகு என்னைப் பார்த்து, மெசினா மானமா என்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

விடை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நட்டு மூன்று நாளான வெங்காயமும், விடிந்தால் வரப்போகிற முறையும், நான் செய்த சத்தியமும் எல்லாம் கண்முன்னே நின்றன. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“ஒரு பத்துச் சுற்று மட்டும், அக்கா. மெல்லமா ஓடுறன்.”

“மெல்லமா ஓடவோ பைனலுக்கு வந்தனி?”

அதற்கு நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். என்னவென்று இப்போது ஞாபகமில்லை, நல்லதாக இருந்திருக்காது. அக்கா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கைப்பையிலிருந்து, மெசினுக்குப் பொறி கொடுக்கிற பிளக்கைக் கழற்றுகிற சாவியை எடுத்தார். இரண்டு திருகு. சூடான பிளக்கைக் கைலேஞ்சியால் பிடித்து வெளியே எடுத்து, பூ என்று ஊதி, அப்படியே சுற்றிப் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தார். காருக்குள் இறுகிக் கிடந்த என்னைத் தாண்டிப் போய், முன்வரிசையில் சகலனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கொடி அசைந்தபோது, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வட்டுக்கோட்டைக்காரரின் நீலக் காருக்கு எழும்பி நின்று விசிலடித்தார்.