சைஸ் கலந்து அடுக்கிய நத்தைகள்

என் மாமியாருக்கு எந்தத் துணியையும் உள்புறம் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் எதிரே வந்து வணக்கம் சொல்கிறவர்களின் சட்டைக் கையைக்கூட மடித்துத் தையலைப் பார்த்துவிடுவார். பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங்கும் பேக்கிங்கும் அவர் ராஜ்ஜியம். அவர் "இது போவாது" என்று தள்ளிய பீஸை என் மாமனாரே நினைத்தாலும் பெட்டியில் போட முடியாது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நத்தைகளோடு வாழப் போன மருமகள் நான். விலங்கியல் படித்து, கோயம்புத்தூரில் எம்.ஃபில் சேர்ந்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. செல்போன் வீட்டுக்கு ஒன்றாக இருந்த காலம் அது. எனக்குக் கிடைத்த தலைப்பு நிலத்து நத்தை. மழை பெய்தால் வேலியிலும் வாழைத் தோப்பிலும் ஊர்ந்து வருமே, பழுப்பு ஓட்டில் கோடு போட்டது, அதேதான். அதன் பேரினத்துக்குக் கிரிப்டோசோனா என்று பெயர் என்றேன். "காச்ச மாத்திரை பேராட்டம் இருக்குது கண்ணு" என்றார் மாமியார்.

அந்தக் காலத்து ஆய்வாளர்கள் நத்தையை ஓட்டை வைத்துத்தான் இனம் பிரித்தார்கள். ஓடு பெரிதென்றால் ஓர் இனம், சிறிதென்றால் இன்னொன்று, கோடு தடித்தால் வேறொன்று. ஆனால் தின்பதையும் மண்ணையும் ஈரத்தையும் பொறுத்து ஓடு மாறிவிடும். அதனால் பின்னால் வந்தவர்கள் அறுத்து உள்ளே பார்க்கத் தொடங்கினார்கள். நாக்கின் மேல் வரிசை வரிசையாக இருக்கும் பொடிப் பற்கள், தாடை, எல்லாவற்றுக்கும் மேலாக இனப்பெருக்கக் குழாய்கள். எந்தக் குழாய் எங்கே கிளைக்கிறது, எது நீளம், எது குட்டை என்பதில்தான் நத்தையின் குலம் கோத்திரம் தெரியும். சேவூரில் என் அப்பா தோட்டத்து நத்தை சிறியது, கோடு மங்கல். அருள்புரத்தில் கிடைப்பது பெரியது, கோடு மை தீட்டிய மாதிரி இருக்கும். பெருமாநல்லூரில் இருப்பது இரண்டுக்கும் நடுவில். வெளியே பார்த்தால் இரண்டு இனம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். உள்ளே பார்த்தாலும் இரண்டுதானா என்பதுதான் என் கேள்வி.

மாமியாருக்கு இதில் ஒரு சங்கதி உடனே பிடித்துப்போனது. "உள்ள திருப்பிப் பாத்தாத்தான தெரியும்? வெளிய ஐயன் போட்டுத் தேச்சுட்டா எல்லா பீஸும் அளகாத்தான் இருக்கும்" என்றார். நான் உற்சாகமாகி, நத்தையில் ஆண் பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டும்தான் என்று சொன்னேன். கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டும் அதேதான்னா, சீரு யாரு செய்யறது?"

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. சேர்வதற்கு முன் ஒன்றையொன்று ஓர் அம்பால் குத்திக்கொள்ளும், அதற்கென்று உள்ளே ஒரு பை இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் டம்ளரை எடுத்து மீதி டீயைக் குடித்தார். "நம்மூட்லயும் அப்பிடித்தான். என்ன, கல்யாணத்துக்குப் பொறவு குத்திக்கறோம்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்பினார்.

சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தாலும் எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. தனக்குப் பிறகு செக்கிங்கை நான் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கோ ஜூன் மாதம் ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், எம்.ஃபில் முடித்திருந்தால். "சித்திரைக்குள்ள முடிச்சுரோணும் அம்முணி. முடிக்கலைன்னா கம்பெனிக்கு வந்துரோணும்" என்றார். நான் வீராப்பாகச் சரி என்றேன். எனக்குப் பாடம் நடத்தத்தான் பிடிக்கும், பனியனை எண்ணப் பிடிக்காது. அதை அவரிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஐப்பசி மழையில் மூன்று ஊர்களிலும் அலைந்து நத்தை பிடித்தேன். தெருவில் போனவர்கள், "வேலியில போற ஓணானப் புடிச்சு மடியில உட்டுக்கிட்ட கதையா இருக்குது" என்று காதுபடவே பேசினார்கள். பிடித்ததையெல்லாம் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஊருக்கு ஒரு வரிசையாக ஊறுகாய் ஜாடிகளில் போட்டேன். எந்த ஊர், எந்த வேலி என்று பென்சிலில் எழுதிய துண்டுத்தாள் ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் மிதந்தது. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்.

தை மாதம் பிறந்ததும் நெறியாளரைப் பார்த்து அறுக்கும் முறையைச் சரிபார்த்துக்கொள்ள ஒருநாள் கோயம்புத்தூர் போனேன். சாயங்காலம் திரும்பியபோது மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "மேல போயிப் பாரு கண்ணு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஜாடிகளைத் துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருந்தார். ஒவ்வொரு ஜாடியிலும் சின்னது, நடுத்தரம், பெரியது, ரொம்பப் பெரியது என்று அளவாகக் கலந்து நத்தைகள் கிடந்தன. மேலே கம்பெனி ஸ்டிக்கர்: எஸ், எம், எல், எக்ஸ்எல். ஊர் எழுதிய துண்டுத்தாள் ஒன்றுகூட இல்லை.

"ஒரு ஜாடியில பூராவும் பொடிசு, இன்னொண்ணுல பூராவும் பெருசு. அப்பிடிப் போட்டா சரக்கு வாங்கற எந்த பையர் எடுப்பான்? அதான் நானும் நம்ம பேக்கிங் புள்ளைங்க ரெண்டு பேரும் ஒக்காந்து அசார்ட்மென்ட் போட்டுட்டோம். உள்ள அளுக்குக் காயிதம் கெடந்துது, அதையும் எடுத்து வீசிட்டோம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏற்றுமதிப் பெட்டியில் எல்லா சைஸும் கணக்காகக் கலந்து போட்டால்தான் கடைக்காரன் அப்படியே அலமாரியில் அடுக்குவான். அது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விதி. அந்த விதியைத்தான் என் நத்தைகளுக்கும் செய்திருந்தார். "ஐயோ அத்தை, போச்சுங்களே" என்று தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். விளக்கிச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது. கீழே இறங்கிப் போனார்.

நெறியாளருக்குப் போன் செய்தேன். "ஓட்டைப் பார்த்து ஊரைப் பிரிச்சிடலாமா சார்?" என்று கேட்டேன். "எதைக் கண்டுபிடிக்கணுமோ அதையே முதல்ல முடிவு பண்ணிட்டு ஆரம்பிப்பியாம்மா?" என்றார். நியாயம்தான். ஊர் தெரியாத நத்தை என் கேள்விக்கு உதவாது. புதிதாகப் பிடிக்கலாம் என்றால், மழை நின்றுபோன காலம். அந்த நேரத்தில் நத்தை மண்ணுக்குள்ளும் கல்லிடுக்கிலும் புகுந்து, ஓட்டின் வாயை ஒரு சவ்வால் அடைத்துக்கொண்டு தூங்கிவிடும். அடுத்த மழைக்குச் சித்திரை தாண்டிவிடும்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அக்கம்பக்கத்தில் ஒருத்தி வேறு, "உன்னையக் கம்பெனிக்கு இளுக்கறதுக்கு வேணும்னே பண்ணியிருப்பாங்களோ என்னமோ" என்று கொளுத்திப் போட்டாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு நாள் மாமியாரும் நானும் "சாப்பிட்டாச்சுங்களா", "ஆச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவரே மாடிக்கு ஏறி வந்தார். "ஏன் கண்ணு, அதுக்கு மழைதான் வேணுமா? தண்ணி இருந்தாப் போதாதா?"

மண் நன்றாக ஊறினால் சில சமயம் எழுந்து வரும் என்று படித்திருந்ததைச் சொன்னேன். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனிக்கு வந்த தண்ணி லாரி உள்ளே நுழையவில்லை. ஐயனிங் பாய்லருக்கு வர வேண்டிய தண்ணீரை மாமியார் சேவூருக்குத் திருப்பிவிட்டிருந்தார். முன்சீட்டில் அவரும் நானும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பா தோட்டத்துக் கிளுவை வேலி ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா, முள்ளு வேலிக்கா தண்ணி அடிக்கச் சொல்லுதீய?"

"ஆமாங்க. மழையாட்டம் தூவுங்க. பொத்துனு ஊத்திப்போடாதீங்க" என்றார் மாமியார். அவருக்குத் திருப்தி வரவில்லை. ஹோஸைத் தானே வாங்கி, வாயில் கட்டைவிரலை அழுத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலி நெடுகத் தண்ணீர் தூவினார். குடிக்கிற தண்ணீருக்கே ஆலாய்ப் பறக்கிற ஊரில் முள்வேலிக்கு மழை பெய்வதைப் பார்க்கச் சேவூரில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். அப்பா தன் சம்பந்தியம்மாவைத் தடுக்கவும் முடியாமல் உதவவும் தெரியாமல் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. மாமியார் குத்தவைத்து உட்கார்ந்து, கிளுவை இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "இங்க வா கண்ணு" என்று மெதுவாகக் கூப்பிட்டார். இலையின் அடிப்பக்கம் ஒரு பொடி நத்தை கொம்பை நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் கல்லடியிலிருந்து ஒன்று, வேர்மூட்டிலிருந்து ஒன்று என்று வந்தபடியே இருந்தன. எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிப் பிடித்தேன். "உடு, உடு, சேறு" என்றார், ஆனால் தள்ளிவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொளுத்திப் போட்ட நெருப்பு அங்கேயே அணைந்தது.

பெருமாநல்லூருக்கும் அருள்புரத்துக்கும் அதே லாரி போனது. கம்பெனியில் ஐயனிங் மாஸ்டர் கத்தியது தெருமுனை வரை கேட்டதாகச் சொன்னார்கள். இந்த முறை ஜாடிகளை வைத்த அறைக்கு மாமியாரே பூட்டுப் போட்டு, சாவியை என் இடுப்பில் செருகிவிட்டார்.

அறுத்தேன், வரைந்தேன், மறுபடி அறுத்தேன். சேவூரின் சின்ன நத்தையும் அருள்புரத்தின் பெரிய நத்தையும் உள்ளே அச்சு அசல் ஒன்றுதான். அதே குழாய், அதே கிளை, அதே அம்புப் பை. பற்களின் வரிசையிலும் வித்தியாசம் இல்லை. எல்லாம் ஒரே இனம். ஓடுதான் ஊருக்கு ஊர் வேஷம் போட்டிருந்தது. சித்திரைக்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தெரிந்ததும் மாமியார் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருந்தவரின் காலர் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கறாரான மனிதர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மழைக்காலத்திலேயே பிடிச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்கு மழையில்லாத தை மாசத்துல மறுபடி பிடிச்சீங்க?"

"முதல்ல பிடிச்சது... ஊர் மாறிக் கலந்துடுச்சு சார்."

"எப்படிக் கலக்கும்? உங்க கவனக்குறைவா?"

அதைச் சொன்னால் மதிப்பெண் போகும். உண்மையைச் சொன்னால் மாமியாரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அவ கவனமெல்லாம் ஒண்ணும் கொறையில்லீங்க. நாந்தானுங்க கலந்து போட்டேன்."

எந்த பையரிடமும் தப்பு தன் பக்கம் என்று ஒப்புக்கொள்ளாத மனுஷி, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு நடுவில் நின்று சொன்னார். அவர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"ஆனா ஒண்ணு கேக்கறனுங்க. எல்லாம் ஒரே எனம்னு அவளே இப்பச் சொல்றாளே. அப்ப நான் கலந்ததுல என்னங்க தப்பு?"

அறையே சிரித்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கலக்காம வெச்சுப் பாத்ததாலதானுங்கம்மா ஒண்ணுன்னே தெரிஞ்சுது" என்றார். அவர் பேச்சிலும் எங்கள் ஊர் எட்டிப் பார்த்தது.

"அதுவுஞ் செரிதானுங்க" என்று உட்கார்ந்தார் மாமியார். அதற்குமேல் என்னிடம் கடினமான கேள்வி எதுவும் வரவில்லை.

திரும்பி வரும்போது அவிநாசியைத் தாண்டினோம். நான் பாஸ் என்று அறிவித்தாகிவிட்டது. ஆனாலும் கம்பெனிப் பேச்சை எடுப்பாரோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது.

"ஜூன்ல காலேஜ் தொறக்குதல்ல?" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "நீ போயிட்டு வா கண்ணு. செக்கிங்குக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் ஜாக்கெட் கையை மெதுவாக மடித்து உள்புறத்தைப் பார்த்தார்.

"காலேஜுக்கு இதப் போட்டுட்டுப் போயராத. தையல் உட்டிருக்குது. ஊட்டுக்குப் போனதும் களட்டிக் குடு."