ஃப்ளோரா அழித்த பதிவு

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஃப்ளோரா கலகலப்பான மனுஷி. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வருகிறவரைக்கூட, "வூட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று கேட்காமல் விடமாட்டாள். 2007இல் ஆர்குட் இணையதளத்தில் ஊர்ப் பெயரில் ஒரு குழு ஆரம்பித்ததும் அவள்தான். சிங்கப்பூர், துபாய், சென்னை என்று பிழைக்கப் போனவர்கள் மளமளவென்று வந்து சேர்ந்தார்கள். கோயில் தேர், மாதா கொடியேற்றம், பஸ் ஸ்டாண்டு பரோட்டா என்று பேச்சு ஓடியது.

அடுத்த வருஷம் அரசியல் உள்ளே வந்தது. சிங்கப்பூரில் வெல்டராக இருந்த மாயவன் ஒரு கட்சி. சென்னையில் பேங்க் வேலை பார்த்த ராபர்ட் எதிர்க்கட்சி. பேச்சு முற்றி, சாதியை இழுத்துவிட்டார்கள். ஃப்ளோரா குறுக்கே புகுந்தாள். "இனிமே இங்க அரசியல், சாதி, மதம் எதுவும் கெடையாது. எழுதுனா அழிச்சிடுவேன்" என்று போட்டுவிட்டாள்.

குழு அடங்கிப்போனது. காலை வணக்கமும் ரோஜாப்பூ படமும் தவிர வேறு எதுவும் வரவில்லை. சண்டை ஓய்ந்ததே என்று ஃப்ளோரா நிம்மதியாகத்தான் இருந்தாள்.

அப்போதுதான் செராமிக் பொம்மை செய்யும் கொளஞ்சி ஒரு பதிவு போட்டார். சூளை எரிக்கிற எண்ணெய் விலை ஏறியதால் சூளையை நிறுத்திவிட்டதாகவும், அரசாங்கம் எண்ணெய் வரியைக் குறைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஃப்ளோரா அதை அழித்தாள். மறுநாள் காலை கொளஞ்சியே கடைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா ஃப்ளோரா, நான் யாரையாச்சும் திட்டுனேனா?"

"இல்லண்ணே. வரி, அரசாங்கம்னு எழுதியிருந்தீங்க. அது அரசியலாச்சே."

"சூளை அணைஞ்சு கெடக்குது. சுடாத பொம்மையா வூடு பூரா அடுக்கி இருக்குது, புள்ளைங்க கால நீட்டிப் படுக்க எடமில்ல. இத ஊர்க்காரங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னா அப்புறம் எதுக்கும்மா குழு? ரோஜாப்பூ பாக்கவா?"

ஃப்ளோராவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல மறுபடி டைப் அடித்தாள். கையோடு விதியையும் மாற்றினாள். அரசியல் பேசலாம், யார் பிறப்பையும் இழுக்கக் கூடாது. வாய் தவறினால், தவறியவர் தன் ஸ்கூல் போட்டோவை எல்லோரும் பார்க்கப் போட வேண்டும்.

வரியை ஏற்றியது யார் என்று சாயங்காலமே மாயவனும் ராபர்ட்டும் மோதினார்கள். முதலில் வழுக்கியது ராபர்ட். எண்ணெய் வழியும் தலையும் பட்டன் அறுந்த சட்டையுமாக அவருடைய எட்டாம் வகுப்புப் படம் வந்ததும் குழுவே குலுங்கியது. "இந்தப் புள்ளகிட்டயா நான் இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்னேன்?" என்று மாயவன் எழுத, ராபர்ட்டுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு மாயவன் கேட்டார்: "சரி, வரி கொறையிற வரைக்கும் கொளஞ்சி என்ன பண்ணுவாரு?"

"யாராவது சூளையில எடம் குடுத்தா சேந்து சுடலாமே" என்றார் ராபர்ட்.

கொளஞ்சியின் தெருவுக்கு அடுத்த தெருவில் பொம்மை யூனிட் வைத்திருந்த வளர்மதி உடனே பதில் போட்டாள்: "எங்க சூளை பாதி காலியாத்தான் எரியுது. அண்ணன் படுற கஷ்டம் இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கே பொம்மைங்கள கொண்டாரச் சொல்லுங்க."

வரி குறையவில்லை. பொம்மைகள் வெந்துவிட்டன. எண்ணெய்ச் செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இரண்டு யூனிட்டும் ஓடின.

டிசம்பர் லீவில் மாயவனும் ராபர்ட்டும் ஃப்ளோரா கடை வாசலில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். கை குலுக்கினார்கள், உடனே விவாதம் ஆரம்பித்துவிட்டது. வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. ஸ்டேஷனில் ரயில் கூவிக்கொண்டு கிளம்பியது.

"ராபர்ட் சார், உங்க மெட்ராஸ் ரயிலு போயிடுச்சு" என்றாள் ஃப்ளோரா.

"போகட்டும்மா, அடுத்தது இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் மாயவன் பக்கம் திரும்பினார்.