மலை அறைக்குள் கற்பூரம்

புவாண்ட்-கிளேர் என்ற பனி ஊரில் நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு அறை உண்டு. ஒரு சுவிட்சைத் திருகினால் உள்ளே ஒட்சிசன் குறைந்து, நாலாயிரம் மீற்றர் மலையில் நிற்பதுபோல மூச்சு வாங்கும். இன்னொன்றைத் திருகினால் எங்கள் மெஷின் ஒட்சிசனைக் கூட்டி ஆளைத் தேற்றும். மலைநாடுகளில் ஹோட்டல் வைத்திருப்பவர்கள், வருகிற விருந்தாளிகள் தலையிடியோடு படுத்துக்கிடக்காமல் இருக்க இந்த மெஷினை வாங்குவார்கள்.

அன்றைக்குத் தென்னமெரிக்காவிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வாங்கினால் என் தற்காலிக வேலை நிரந்தரம். வாங்காவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டில் இருக்கவேண்டியதுதான். முதலாளியம்மா இதைச் சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"புது மெஷினெல்லே? குங்குமம் வச்சு, ஒரு கற்பூரம் காட்டிப்போட்டுத் தொடங்குங்கோ. அவர் வர முதல் செய்யுங்கோ," என்று நான் வேலைக்குப் புறப்படும்போது மனைவி பொட்டலம் கட்டித் தந்தாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி நெருப்புக்குச்சியைத் தட்டினேன். சீறியது, அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவது குச்சியும் அணைந்தது. சாமி என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே முடிவுகட்டினேன். காலையில் அந்த அறையை மலையாக்கி வைத்தது நானேதான் என்பது மூளைக்கு எட்டவேயில்லை. மூளைக்கும் அங்கே ஒட்சிசன் இல்லைதானே!

கதவு திறந்தது. முதலாளியம்மாவும் ஹோட்டல்காரரும் நின்றார்கள். நிலமெல்லாம் கருகிய குச்சிகள், மெஷினின் நெற்றியில் குங்குமப் பொட்டு. வெட்கத்தில் செத்தேன். ஆனாலும் உண்மையைச் சொன்னேன்.

ஹோட்டல்காரர் நெருப்புப்பெட்டியை வாங்கித் தானும் ஒரு குச்சியைத் தட்டிப் பார்த்தார். அணைந்தது.

"இப்போது உங்கள் மெஷினைப் போடுங்கள்," என்றார்.

போட்டேன். அரை மணித்தியாலம் மூவரும் மெஷினைப் பார்த்தபடி நின்றோம். பிறகு அவர் தட்டிய குச்சி நின்று எரிந்தது. கற்பூரமும் பற்றியது. நான் என்னை மறந்து கும்பிட்டேன், அவர் தொப்பியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துத் தீ அபாய மணி அலறியது.

கட்டடத்தில் இருந்த எல்லாரும் ஜாக்கெட்டும் இல்லாமல் பனிக்குள் ஓடினோம். பல்லுக் கிடுகிடுக்க நின்றபடியே அவர் நாற்பது அறைக்கு மெஷின் வாங்கச் சரி சொன்னார்.

அடுத்த கிழமை எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று வேலை நிரந்தரம் என்றது. மற்றது, வேலைத்தலத்தில் நெருப்பு மூட்டியதற்குக் கடும் எச்சரிக்கை. மனைவி இரண்டையும் வாசித்துவிட்டு இரண்டையுமே சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"அந்த எச்சரிக்கையை ஏனப்பா வைக்கிறாய்?" என்றேன்.

"அது இல்லாட்டி இது வந்திருக்குமே?" என்றாள்.